ஹைலக்ஸ் கப்பின் டீசல் எங்கே போகிறது?

கேள்வி: நான் உரும்பிராயைச் சேர்ந்த மரக்கறி வியாபாரி. 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 கப் வாகனம் (பின்னால் திறந்த பாரப் பெட்டி உள்ளது) வைத்திருக்கிறேன். கிழமையில் நான்கு நாள் கிளிநொச்சிக்கும், மாதத்தில் இரண்டு தடவை வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் போய் வருகிறேன். மீற்றரின்படி மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுகிறது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் தந்த வாகனம் ஒரு வருடமாக 8 கிலோமீற்றர்தான் தருகிறது. எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்பைக் கழற்றித் திருத்தவேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். பின் பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு ஓடினால் டீசல் மிஞ்சும் என்கிறார் என் சாரதி. டீசல் குழாயில் பூட்டும் காந்தம் ஒன்றையும் விற்கிறார்கள். மண்ணெண்ணெய் கலந்தால் என்ன என்றும் யோசிக்கிறேன். இவற்றில் எதைச் செய்வது? அல்லது வாகனத்தை விற்றுவிட்டுப் புதியதொன்றை எடுப்பதா? நான்கு சில்லுக்கும் ஒரே அளவு காற்றுத்தான் அடிக்கிறேன். கடந்த வருடம் பெரிய ரயர் போட்டதைத் தவிர வாகனத்தில் வேறெதையும் மாற்றவில்லை. படங்களும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

லீற்றருக்கு 2 கிலோமீற்றர் என்பது உங்கள் ஓட்டத்தில் சிறிய இழப்பன்று. 3,000 கிலோமீற்றருக்கு 8 என்ற கணக்கில் 375 லீற்றர் தேவைப்படும். 10 என்ற கணக்கில் 300 லீற்றர் போதும். கணக்குப் பார்க்க இலகுவாக லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், மாதம் 22,500 ரூபா வித்தியாசம். 2022 ஜனவரியில் 121 ரூபாவுக்கு விற்ற ஒட்டோ டீசல் அதே ஆண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவைத் தொட்ட காலத்தை நாங்கள் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூ.ஆர். வரிசையில் நின்று பார்த்தவர்கள் என்பதால், இந்தக் கவலை எனக்கும் புதிதன்று. ஆனால், பம்பைக் கழற்றச் சொன்னவருக்கு நீங்கள் இன்னும் சம்மதம் சொல்லவில்லையானால், தயவுசெய்து பொறுத்திருங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலும் நீங்கள் அனுப்பிய படங்களிலும் பம்பைவிட முதலில் பார்க்கவேண்டிய விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது ரயர். உங்கள் வாகனத்துக்குத் தொழிற்சாலையில் பூட்டிய 205 ஆர் 16 ரயரின் உயரம் ஏறக்குறைய 29 அங்குலம். படத்தில் தெரியும் ரயரின் பக்கவாட்டில் 31 என்று தொடங்கும் இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. அது 31 அங்குல உயரமான ரயர். சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது வாகனம் முன்னரைவிட ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான தூரம் போய்விடும். மீற்றருக்கோ இது தெரியாது. அது பழைய ரயரின் கணக்கிலேயே தூரத்தை எழுதிக்கொண்டிருக்கும். ஆகவே, மீற்றர் 3,000 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் 3,200 கிலோமீற்றர் ஓடியிருக்கிறீர்கள். 375 லீற்றரை அந்தத் தூரத்தோடு வைத்துப் பார்த்தால் லீற்றருக்கு 8.5 கிலோமீற்றர் வருகிறது. நீங்கள் இழந்ததாக நினைத்த டீசலில் கால்வாசிக்கு மேல் தாங்கியிலிருந்து போகவே இல்லை. அது மீற்றரின் பிழை.

நான் சொல்வதை நம்பவேண்டியதில்லை, நீங்களே பார்க்கலாம். ஏ9 வீதியின் ஓரத்தில் கிலோமீற்றர் கற்கள் இருக்கின்றன. ஒரு கல்லடியில் மீற்றரின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, இருபது கிலோமீற்றர் தள்ளியுள்ள கல்லில் மறுபடியும் பாருங்கள். மீற்றர் 18.7 அளவில் நின்றால் மேலே சொன்ன கணக்கு சரி. உங்கள் வேகமானியும் இதே அளவு குறைத்துத்தான் காட்டுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 75 என்று முள் காட்டும்போது நீங்கள் 80இல் போகிறீர்கள்.

டீசல் நிரப்பும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் ரூபாவுக்கு, மூவாயிரம் ரூபாவுக்கு என்று அடித்துவிட்டு முள்ளைப் பார்த்துக் கணிப்பது கணிப்பே அன்று. ஒரே எரிபொருள் நிலையத்தில், வாகனம் ஒரே சமதரையில் நிற்க, பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, அப்போது ஏறிய லீற்றரால் ஓடிய தூரத்தைப் பிரியுங்கள். நுரை அடங்கக் காத்திருந்து கழுத்துவரை ஊற்றவேண்டாம். கிளிநொச்சி ஓட்டத்தையும் தம்புள்ளை ஓட்டத்தையும் கலக்காமல் வெவ்வேறாக எழுதி வையுங்கள். இரண்டும் வெவ்வேறு வேலை.

இப்போது உண்மையாகவே இழக்கும் மிகுதிக்கு வருவோம். மாதம் ஏறக்குறைய 55 லீற்றர். முன்சில்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, நடுவிலுள்ள ப்ரீ வீல் ஹப்பின் (முன்சில்லை முன் அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் பூட்டு) குறி ‘லொக்’ பக்கத்தில் நிற்பதைக் கண்டேன். ரயர் மாற்றிய இடத்தில் யாரோ திருப்பி விட்டிருக்கலாம். மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் இறங்கியபோது நீங்களே திருப்பிவிட்டு மறந்திருக்கவும் கூடும். நாற்சில்லு இயக்கத்தை நீங்கள் பாவிக்காவிட்டாலும், ஹப் ‘லொக்’கில் இருந்தால் முன் அச்சுகள், முன் டிபரன்சல், அதற்குப் போகும் தண்டு எல்லாவற்றையும் சில்லுகள் வீணே சுற்றிக்கொண்டு போகும். தடித்த ஒயிலுக்குள் பல்லுச்சில்லுகள் துழாவுவதற்கான விலையை உங்கள் டீசல்தான் கொடுக்கிறது. இறங்கி, இரண்டு பக்கமும் ‘ப்ரீ’ என்ற குறிக்குத் திருப்பிவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இறுகிப்போயிருந்தால் குறட்டால் முறுக்க வேண்டாம், கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் வைக்கவேண்டும்.

அடுத்தது தேமோஸ்ரற். இதைப்பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எங்கள் ஊரில் ஓடிய பழைய டீசல் வாகனம் என்றால் நான் கேட்காமல் விடமாட்டேன். வெயில் ஊர், எஞ்சின் சூடாகிவிடும் என்ற பயத்தில் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே பலருக்குக் கைவந்த வழக்கம். எஞ்சினின் நீர் ஏறக்குறைய 80 பாகை சூட்டுக்கு வரும்வரை அதை றேடியேற்றருக்கு விடாமல் மறிப்பதே அதன் வேலை. அது இல்லாவிட்டால் நீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் சூடேற நெடுநேரம் எடுக்கும். காலைக் குளிரில் ஏ9இல் ஓடும்போது உரிய சூட்டுக்கு வராமலே கிளிநொச்சி வந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் டீசல் சரியாக எரியாது, ஒயிலும் தடிப்பாகவே இருக்கும், உராய்வு கூடும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கப்புக்கு, அதற்கு முன் வேறோர் இடத்தில் பம்பும், டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கும் நொசிலும் முழுமையாகச் செய்து பெருந்தொகை எடுத்திருந்தார்கள். மாற்றம் எதுவுமில்லை என்று உரிமையாளர் நொந்துகொண்டு வந்தார். மூடியைக் கழற்றினால், தேமோஸ்ரற் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. உங்கள் வெப்பமானியின் முள்ளைப் பாருங்கள்: புறப்பட்டுப் பத்து நிமிடமாகியும் நடுவுக்குக் கிட்ட வராமல் கீழேயே படுத்திருந்தால் அந்த மூடியைத்தான் முதலில் திறக்கவேண்டும். உண்மையில் எஞ்சின் சூடாகும் வாகனமானால், அடைபட்ட றேடியேற்றரும் தளர்ந்த காற்றாடிப் பட்டியும்தான் நோய். தேமோஸ்ரற்றைக் கழற்றுவது அதற்கு மருந்தாகாது.

பிறேக்கையும் பாருங்கள். ஒரு பதினைந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு, பிறேக்கை அதிகம் மிதிக்காமல் மெல்ல உருளவிட்டு நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சில்லில் பிறேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். உப்புக்காற்றில் நிற்கும் வாகனங்களில் கைப்பிறேக்கின் கம்பி துருப்பிடித்து, விட்டாலும் முழுமையாக விடாமல் நிற்பதை அடிக்கடி காண்கிறேன். எப்போதாவது மீன் ஏற்றியிருந்தால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ரயருக்குள் இருக்கும் காற்றைப் பற்றி ஓரிரு வார்த்தை. நான்கு சில்லுக்கும் ஒரே அளவு அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாரதியின் கதவை அடுத்த தூணில் உள்ள தகடு, பாரம் இல்லாதபோதும் பாரம் ஏற்றியபோதும் பின்சில்லுக்கு வெவ்வேறு அமுக்கம் சொல்லும். ஆனால், அந்தத் தகடு எழுதப்பட்டது பழைய ரயருக்கு. உங்கள் ரயருக்கு எவ்வளவு என்று அறிய எளிய வழி, ரயரின் முகத்தில் குறுக்கே சுண்ணக்கட்டியால் தடித்த கோடு ஒன்று கீறிவிட்டு, வழக்கமான பாரத்தோடு நேரான வீதியில் சிறிது தூரம் ஓடிப் பார்ப்பதுதான். ஓரங்களில் மட்டும் கோடு அழிந்தால் காற்றுப் போதாது. நடுவில் மட்டும் அழிந்தால் கூடிவிட்டது. எப்படியும் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கின்படி நான்கு ரயரிலும் காற்றின் அமுக்கம் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. (அமுக்கத்தை அளக்கும் அலகு) குறைந்தால் எரிபொருள் திறன் ஏறக்குறைய 0.2 வீதம் குறையும். 10 குறைந்தால் 2 வீதம். காற்றை விடியற்காலையில், ஓடமுன் பாருங்கள். நண்பகலில் கொதிக்கும் தாரில் ஓடிவந்து பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுபவர்கள் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு புறப்படுகிறார்கள். அடுத்த முறை ரயர் தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பெரிய ரயர் பாரமானது, அகலமானது, எதிர்ப்புக் கூடியது. வாகனத்துக்கு அழகு என்பதை ஒத்துக்கொள்கிறேன், வெங்காயத்துக்கு அது தேவையில்லை.

பின் கதவைத் திறந்துவிட்டு ஓடுவது பற்றிக் கேட்டீர்கள். பலர் நம்பும் பிழை இது. கதவு மூடியிருக்கும்போது, பெட்டிக்குள் காற்று ஒரு சுருளாகச் சுழன்று அங்கேயே தங்கிவிடுகிறது. கூரையைத் தாண்டி வரும் காற்று அந்தச் சுருளின் மேலாக வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடும். கதவைத் திறந்தால் அந்தச் சுருள் குலையும், எதிர்ப்புக் குறையாது, பெரும்பாலும் கூடவே செய்யும். போதாததற்கு, சாமான் விழும். உங்களுக்கு மிஞ்சும் இடம் வேறு: வெறும் பிளாஸ்ரிக் கூடைகள். கிளிநொச்சியிலிருந்து திரும்பும்போது அவற்றை கபினின் கூரைக்கு மேல் இரண்டு மூன்று தட்டு நிற்கும்படி அடுக்கி, படங்கை அரைகுறையாகக் கட்டியிருப்பது ஒரு படத்தில் தெரிகிறது. எடை சொற்பம்தான், ஆனால் காற்றுக்கு அது ஒரு சுவர். படபடக்கும் படங்கு அதைவிட மோசம். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டோ, பெட்டி முழுவதும் பரவலாகவோ கூரை மட்டத்துக்குக் கீழே அடுக்கி, படங்கை இறுக்கிக் கட்டுங்கள். படங்கு தேவையில்லாத நாளில் கழற்றிச் சுருட்டி வையுங்கள்.

காற்று என்று சொன்னதால் வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் தம்புள்ளைப் பயணத்தில் உங்கள் சாரதியின் வலக்கால்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90இல் போகும் வாகனம் 70க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு 40 வீதம் குறைந்துவிடும். டீசல் அந்த அளவுக்குக் குறையாது, சில்லின் எதிர்ப்பும் எஞ்சினின் உள் உராய்வும் இருக்கவே செய்யும். ஆனால் பெட்டிபோன்ற உருவமுள்ள ஒரு கப்பில் அந்த வேறுபாடு தாங்கியில் கட்டாயம் தெரியும். இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேல் காற்றான சோளகம் வீசும்போது, பளையைத் தாண்டி ஆனையிறவு வெட்டவெளியில் தெற்கு நோக்கிப் போகும் வாகனத்துக்குக் காற்று முகத்தில் அடிக்கும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகமான எதிர்காற்றில் 90இல் ஓடும் வாகனம், காற்றெதிர்ப்பைப் பொறுத்தவரை 120இல் ஓடுவதற்குச் சமம். வீதி நேராக, சமதளமாக, இரண்டு பக்கமும் தண்ணீராக இருப்பதால் அங்கேதான் எல்லோரும் அழுத்துகிறார்கள். அந்தத் துண்டில் வேகத்தைக் குறைத்து, முடிந்தால் விடியுமுன், காற்று எழும்பாத நேரத்தில் கடந்துவிடுங்கள். சந்தைக்குப் போகிறவருக்கு அது சிரமமான நேரமாக இருக்காது.

ஓட்டும் முறையில் இன்னொன்று. உங்கள் 2.8 லீற்றர் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ரேர்போ இல்லை. அதன் இழுவிசை நிமிடத்துக்கு 2,400 சுழற்சியை அண்டியே உச்சத்தில் இருக்கும். பாரத்தோடு ஐந்தாம் கியரில் 40இல் உறுமிக்கொண்டு இழுப்பதும் வீண், மூன்றாம் கியரில் அலறவிடுவதும் வீண். கண்ணாடியில் பின்னால் பாருங்கள்: கறுப்புப் புகை போனால் எரியாத டீசல் போகிறது, காலைச் சற்றுத் தளர்த்துங்கள் அல்லது ஒரு கியர் இறக்குங்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிடும் பழக்கம் உங்கள் சாரதிக்கு இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் பிறேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பு, மின்சாரம் பிறப்பிக்கும் ஓல்ரனேற்றரோடு சேர்ந்து சுற்றுவது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும், இரண்டு மிதிக்குப் பிறகு பிறேக் கல்லாகிவிடும். கியரில் இருக்கும்போது அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தாலே பம்பு டீசலை வெட்டிவிடும். நியூற்றலில் உருளும் எஞ்சின்தான் நிற்காமலிருக்கச் சிறிது டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும்.

காந்தத்தை வாங்கவேண்டாம். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இவ்வாறான ‘எரிபொருள் சேமிப்பு’ சாதனங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பரிசோதித்து, பயன்தந்தவை மிகச் சிலவே, அவையும் அற்பமே என்று கண்டது. டீசல் காந்தத்தால் கவரப்படும் பொருளன்று.

மண்ணெண்ணெய் விடயத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனெனில் இந்த யோசனை எங்கள் ஊரில் வெறும் வாயால் வந்ததன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பெற்றோல் எஞ்சின்களை நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் பிடிக்கவைக்கும் வித்தை அப்போது யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நானும் அப்படி ஓடிய ஒஸ்ரின் கார்களின் கீழே படுத்து வேலை பழகியவன்தான். அது வேறு வழியில்லாத காலம். அந்த எஞ்சின்களுக்கு என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் டீசல் பம்புக்கோ அதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. அந்தச் சுழல் பம்புக்குள் ஓடும் உறுப்புகளுக்கு மசகு, அதனூடாகப் போகும் டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. மயிரிழை இடைவெளியில் ஓடும் உறுப்புகள் தேயும், அமுக்கம் குறையும், காலையில் எஞ்சின் எழும்பச் சிரமப்படும். மேலும், ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் உள்ள சக்தி டீசலைவிடக் குறைவு என்பதால் லீற்றருக்கு ஓடும் தூரமும் குறையும். விலையில் மிஞ்சியதைப்போல் பல மடங்கை பம்புக்குக் கொடுப்பீர்கள். சுப்பர் டீசலும் உங்கள் எஞ்சினுக்கு அவசியமில்லை. எல்லா நொசில்களுக்கும் ஒரே உயரமுக்கக் குழாயால் டீசல் கொடுக்கும் புதிய கொமன் றெயில் எஞ்சின் வைத்திருப்பவர் அதை யோசிக்கட்டும்.

விற்று மாற்றுவது பற்றி: 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி அனுமதித்தும் கப்புகளின் விலை எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மேலதிகமாக 40 இலட்சம் ரூபா கடன்பட்டு, ஆண்டு வட்டி 12 வீதம் என்று வைத்தாலும், முதல் மாத வட்டி மட்டும் 40,000 ரூபா. புதியது லீற்றருக்கு 12 கிலோமீற்றர் தந்தாலும் 3,200 கிலோமீற்றருக்கு 267 லீற்றர் வேண்டும்; இன்றைய 375 லீற்றரோடு ஒப்பிட்டால் மிச்சம் 108 லீற்றர், அதாவது 32,400 ரூபா. வட்டிக்கே காணாது. பழையதைச் சரிசெய்து 10க்குக் கொண்டுவந்துவிட்டால் இந்த மிச்சமும் பாதியாகிவிடும். வாகனத்தின் அடிச்சட்டம் துருப்பிடித்து உக்கிப்போயிருந்தால் அது வேறு கதை. டீசலுக்காக மட்டும் விற்கவேண்டாம்.

பம்பு, நொசில் பக்கம் குறையே இராது என்று நான் சொல்லவில்லை. காற்று பில்ரர் அடைபட்டிருந்தால்கூட, எவ்வளவு காற்று வருகிறது என்று அறியாத இந்தப் பழைய பம்பு வழக்கமான டீசலையே ஊற்றிக் கறுப்புப் புகை தள்ளும். தோட்டச் செம்மண் தூசியில் ஓடும் உங்கள் வாகனத்தில் பில்ரரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஒளி ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். அதன்பின்னும் பாரத்தில் புகை வந்தால் நொசில்களை மட்டும் கழற்றி, அமுக்கமும் தெளிப்பும் பரிசோதிக்கக் கொடுங்கள். அது பம்பைப் பிரிப்பதுபோல் பெரிய செலவன்று.

ஆகவே இந்தக் கிழமை ஹப்பைத் திருப்பி, தேமோஸ்ரற்றையும் பிறேக்கையும் பில்ரரையும் பார்த்து, ரயர்க் காற்றைச் சரிசெய்து, கூடைகளை இறக்கி அடுக்கிவிட்டு, இரண்டு முழுத் தாங்கி ஓடுங்கள். கிலோமீற்றர் கல்லோடு சரிபார்த்த தூரத்தையும் ஏறிய லீற்றரையும் எனக்கு எழுதியனுப்புங்கள். 9.5க்குக் கீழே நின்றால் நொசில்களைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். முழு வாகனத்தையும் கோண்டாவிலுக்கு, என் வேலைத்தலத்துக்குக் கொண்டுவரத் தேவையில்லை.